கலைப் பாடம் பயின்றோரும் பொதுப் பணியும்

(வரலாறு, இலக்கியம், மொழியியல் துறைகளின் முதுகலை மாணவர்களும் ஆய்வு மாணவர்களும் மத்திய அரசின் பயிற்சி அலுவலர்களும் கூடியிருந்த அவையில் புதுதில்லியில் ஆற்றிய உரையின் தமிழ் வடிவம்)



பொருளாதாரம் படித்துவிட்டு முப்பது ஆண்டுகளாகக் கோப்புகளோடு காலம் கழித்து வரும் ஒருவனை, வரலாறும் இலக்கியமும் பயிலும் உங்கள் முன் பேச அழைத்திருக்கிறார்கள். அழைப்பு வந்ததும் அமைப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தேன். படிப்பு முடிந்தபின் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்பதை, பெயர் குறிப்பிடாமல், ஒரு சீட்டில் எழுதித் தருமாறு மாணவர்களைக் கேளுங்கள் என்றேன். அச்சீட்டுகள் நேற்று மாலை என் கைக்குக் கிடைத்தன.

பெரும்பாலானவை இரண்டே விருப்பங்களைக் கூறின. ஒன்று கல்லூரி ஆசிரியர் பணி. மற்றொன்று குடிமைப் பணித் தேர்வு. சிலர் பத்திரிகைத் துறையை விரும்பினர். ஒரு சீட்டு மட்டும் தனியாக நின்றது. "எங்கள் ஊரில் தறி நெய்த முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்து வருகிறேன். இதையே என் தொழிலாகக் கொள்ள விரும்புகிறேன். எனக்குச் சம்பளம் தருவது யார்?" என்று அதில் எழுதியிருந்தது. இன்றைய என் பேச்சு முழுவதும் அந்தச் சீட்டுக்கு விடை காணும் முயற்சியே.

முதலில் சில எண்கள். என் தொழில் பழக்கம், பொறுத்தருள வேண்டும். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி, இளநிலைப் பட்டப் படிப்பில் சேர்ந்தவர்களில் 34.2 சதவிகிதத்தினர் கலைப் பாடங்களைப் பயின்றனர். பொறியியல், தொழில்நுட்பப் பாடங்களைப் பயின்றோர் 11.8 சதவிகிதத்தினரே. எல்லாத் துறைகளிலும் சேர்த்து முனைவர் பட்டத்துக்குப் பயில்வோர் தொகை 2014-15-ல் 1.17 லட்சமாக இருந்து, 2021-22-ல் 2.12 லட்சமாக உயர்ந்தது. ஆசிரியப் பணியிடங்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை என்பதை உங்கள் மூத்த மாணவர்களே நன்கறிவர். குடிமைப் பணித் தேர்வின் நிலை என்ன? 2023ஆம் ஆண்டுத் தேர்வுக்கு 10,16,850 பேர் விண்ணப்பித்தனர். இறுதியில் பரிந்துரைக்கப்பட்டோர் 1,016 பேர். அதாவது ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒருவர். தேர்வு எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; நானும் தேர்வு எழுதி வந்தவன்தான். ஆனால் எஞ்சிய 999 பேருக்கும் ஒரு வாழ்க்கைத் திட்டம் வேண்டுமல்லவா?

கலைப் பாடங்களில் பெறும் பயிற்சியைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே, பொதுமக்கள் நடுவில், அவர்களுடைய தேவைக்காகப் பயன்படுத்துவதை மேலை நாடுகளில் 'பப்ளிக் ஹியூமானிட்டீஸ்' என்கிறார்கள். வரலாற்றுத் துறையினர் இதன் ஒரு கிளையைப் 'பொது வரலாறு' என்று வழங்குகின்றனர். இங்கே 'பொது' என்பது பொது அறிவுத் தேர்வில் வரும் 'பொது' அன்று. பொதுக் கிணறு, பொதுச் சாலை என்கிறோமே, அந்தப் 'பொது'. பெயர்தான் புதிது. பரோடா பல்கலைக்கழகம் அருங்காட்சியகவியலில் தனித்துறை தொடங்கியது 1952-லேயே.

இத்தகைய பயிற்சியால் நாட்டு வளர்ச்சிக்கு என்ன பயன் என்று பயிற்சி அலுவலர்கள் கேட்கக்கூடும். பீகாரில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன்.

2024 ஆகஸ்டு மாதத்தில் பீகார் அரசு சுமார் 45,000 கிராமங்களில் சிறப்பு நில அளவைப் பணியைத் தொடங்கியது. நில உரிமையாளர்கள் தங்கள் ஆவணங்களைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். கொண்டுவந்தார்கள். ஆனால் பாட்டன், முப்பாட்டன் காலத்துக் கிரயப் பத்திரங்களும் ஜமீன்தாரி ரசீதுகளும் கைத்தி என்னும் எழுத்தில் இருந்தன. காயஸ்தர் எனப்படும் எழுத்தர் குலத்தாரின் பெயரால் வழங்கும் எழுத்து அது. 1880-களில் பீகாரின் நீதிமன்றங்களில் ஆட்சி எழுத்தாகவே அது இருந்தது. ஆங்கிலேய அதிகாரிகளுக்கு அதைக் கற்பிக்க 1881-ல் கிரியர்சன் ஒரு கையேடே வெளியிட்டார். பின்னர் தேவநாகரி பரவியது. பள்ளிகள் கைத்தியைக் கைவிட்டன. வீட்டுப் பெட்டியில் பத்திரம் பத்திரமாக இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள்தாம் ஒவ்வொருவராக மறைந்து போனார்கள்.

நில அளவையாளர்களால் அதைப் படிக்க முடியவில்லை. (அங்கே அவர்களை அமீன் என்பர், நம் பக்கத்து நீதிமன்ற அமீன் வேறு.) உரிமையாளரும் படிக்க இயலாதவரே. மாவட்டத்துக்குச் சிலராக எஞ்சியிருந்த கைத்தி அறிந்த முதியவர்களை நாடி, பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து மக்கள் படித்துக்கொண்டார்கள். அவர் படித்தது சரியா என்று சொல்ல இரண்டாவது ஆள் கிடையாது. இந்நிலையில் மாநில வருவாய்த் துறை மாவட்டந்தோறும் மூன்று நாள் பயிற்சி வகுப்புகளை நடத்தியது. பயிற்சி அளிக்க அது யாரை நாடியது தெரியுமா? காசி இந்து பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் ஒருவரை. உங்களைப் போன்ற ஒருவரை.

மூன்று நாளில் எழுத்துகளை அறிமுகம் செய்யலாம். ஒரு பத்திரத்தைப் படித்துப் பொருள் கொள்வது அவ்வளவு எளிதன்று. கைத்தியில் தேவநாகரியைப் போல் மேற்கோடு இல்லை. சொற்களுக்கிடையே இடைவெளி பல சமயம் இராது. சட்டச் சொற்களோ பாரசீகம். எழுத்தும் மொழியும் அக்கால நில உடைமை முறையும் ஒருங்கே தெரிந்தவரே ஒரு சிறு விவசாயியின் பத்திரத்தைத் தவறில்லாமல் படித்துச் சொல்ல முடியும். உரிமையியல் வழக்குகளில் பெரும்பகுதி நிலத்தைப் பற்றியவை என்னும்போது, ஒரு வரியைத் தவறாகப் படிப்பதன் விலை என்ன என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். கைத்தி மட்டும் அன்று. புனே ஆவணக் காப்பகத்தில் பேஷ்வா காலத்து ஆவணங்கள் மோடி எழுத்தில் மலைபோல் குவிந்திருக்கின்றன. தஞ்சாவூர் மராட்டிய மன்னர்களின் அரண்மனைக் கணக்குகளும் மோடியில் எழுதப்பட்டவையே.

இத்தனை தேவை இருந்தும் கைத்தி படிப்பவருக்கு ஏன் வேலை இல்லை? இங்கே என் பாடம் சிறிது உதவும். பொருளாதாரத்தில் பொதுப் பண்டம் என்று ஒன்றைச் சொல்வோம். அதன் பயன் எல்லோருக்கும் சென்று சேரும். ஆகவே தனியொருவர் அதற்கு விலை கொடுக்க முன்வரமாட்டார். கலங்கரை விளக்கம் இதற்கு வழக்கமான உதாரணம். பழைய எழுத்தைப் படிப்பவரின் அறிவும் அத்தகையதே. சந்தை அவருக்குச் சம்பளம் தராது. தேவை வருவதற்கு முன்பே அரசு அவரைப் பயிற்றுவித்துப் பணியில் வைத்திருக்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? வெள்ளம் வந்தபின் படகு செய்யத் தச்சனைத் தேடுகிறோம்.

'நாம்' என்று சொல்லும்போது என்னையும் சேர்த்தே சொல்கிறேன். பயிற்சி அலுவலர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். 1996-ல், பணியில் சேர்ந்த மறு ஆண்டு, நான் இருந்த அலுவலகத்தில் கணிப்பொறி வைக்க ஓர் அறை தேவைப்பட்டது. அந்த அறையில் பழைய கோப்புகள் இருந்தன. அழிக்க வேண்டிய கோப்புகளின் பட்டியலைத் தயாரித்துக் கையெழுத்திடும் பொறுப்பு இளைய அதிகாரியான எனக்கு வந்தது. 1972-73-ல் மகாராஷ்டிரத்தில் ஏற்பட்ட கடும் வறட்சியின்போது நிவாரணப் பணியிடங்களுக்குச் சென்று வந்தவர்கள் எழுதிய களக் குறிப்புகள் அவற்றில் ஒரு கட்டு. பெரும்பாலும் மராத்தியில், பென்சிலால் எழுதியவை. எனக்கு மராத்தி தெரியாது. 'புள்ளிவிவரம் ஏற்கெனவே தொகுக்கப்பட்டுவிட்டது' என்று ஓரத்தில் குறித்துக் கையெழுத்திட்டேன்.

அந்த நிவாரணப் பணிகளின் அனுபவத்திலிருந்தே மகாராஷ்டிர வேலை உறுதித் திட்டம் உருவாகி, 1977-ல் சட்டமாயிற்று. 2005-ல் நாடு முழுமைக்கும் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு அதுவே முன்னோடி. பல ஆண்டுகள் கழித்து ஒரு மதிப்பீட்டுப் பணியின்போது, அன்று பணியிடங்களுக்குப் பெண்கள் எவ்வளவு தொலைவு நடந்து வந்தார்கள், கைக்குழந்தைகளை என்ன செய்தார்கள், கூலி எத்தனை நாள் தாமதித்தது என்று அறிய விரும்பினோம். மொத்தத் தொகைகள் கிடைத்தன, வேறொன்றும் கிடைக்கவில்லை. அந்தக் கட்டில் அவை இருந்தனவா என்பதும் எனக்குத் தெரியாது. நான் அதைப் படிக்கவில்லை.

1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் அப்போதே நடைமுறையில் இருந்தது. நான் அதைப் பார்த்ததுகூட இல்லை. 1997-ல் விதிகளும் வந்தன. 25 ஆண்டுகள் கடந்த ஆவணத்தைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் மதிப்பீடு இல்லாமல் அழிக்கக்கூடாது என்று அவை கூறுகின்றன. அக்கட்டு இன்னும் இரண்டு ஆண்டு அலமாரியில் கிடந்திருந்தால் பிழைத்திருக்கும்.

இது ஓர் இளைய அதிகாரியின் தவறு மட்டும் என்று எண்ண வேண்டாம். 2022 டிசம்பரில் தேசிய ஆவணக் காப்பகத்தின் தலைமை இயக்குநரே வெளிப்படையாக ஒன்றைக் கூறினார்: 151 அமைச்சகங்களும் துறைகளும் உள்ள நிலையில், 36 அமைச்சகங்கள், துறைகள் உள்ளிட்ட 64 அமைப்புகளின் ஆவணங்களே காப்பகத்தில் உள்ளன, 1962, 1965, 1971 ஆகிய போர்களைப் பற்றியும் பசுமைப் புரட்சியைப் பற்றியும் ஆவணங்கள் அங்கு இல்லை. பசுமைப் புரட்சி! உணவுக்குக் கப்பலை எதிர்பார்த்திருந்த நாடு தன்னிறைவு பெற்ற கதை. அதன் கோப்புகள் எந்த அமைச்சகத்தின் எந்த அலமாரியில் இருக்கின்றனவோ! ஒவ்வொரு அலுவலகமும் ஓர் ஆவண அதிகாரியை நியமிக்க வேண்டும் என்கிறது சட்டம். நியமிக்கத்தான் செய்கிறோம். ஏற்கெனவே நான்கு வேலை பார்ப்பவருக்கு ஐந்தாவது வேலையாக அது போய்ச் சேருகிறது.

ஆகவே வேலை இருக்கிறது, பதவிதான் இல்லை. இருக்கும் பதவிகளைப் பற்றியும் கூறிவிடுகிறேன். தேசிய ஆவணக் காப்பகம் ஆவணவியலில் ஓராண்டுப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. இந்தியத் தொல்லியல் ஆய்வகம் தன் தொல்லியல் கழகத்தில் ஈராண்டுப் பட்டயம் வழங்குகிறது. அதன் கல்வெட்டுப் பிரிவின் தலைமையகம் மைசூருவில் உள்ளது. ரிசர்வ் வங்கி 1981-ல் புனேயில் தன் ஆவணக் காப்பகத்தை நிறுவியது. வங்கியின் வரலாற்றுத் தொகுதிகளைப் புரட்டும் பொருளாதார மாணவர்கள், அவற்றுக்குப் பின்னால் இத்தகைய காப்பகங்களில் பணிபுரிவோரின் உழைப்பு உண்டென்று எண்ணிப் பார்ப்பதில்லை. டாட்டா, கோத்ரெஜ் போன்ற தொழில் நிறுவனங்களும் காப்பகம் வைத்திருக்கின்றன. பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் 2019-ல் ஒன்று தொடங்கியது. 2017-ல் அமிர்தசரசில் திறக்கப்பட்ட பிரிவினை அருங்காட்சியகத்தில், அகதிகளாய் வந்தவர்களின் வாய்மொழியே முக்கியக் காட்சிப் பொருள். 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட ஞான பாரதம் இயக்கம் 1 கோடிக்கு மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்துப் பாதுகாக்க முனைகிறது. அச்சுவடிகளைப் படமெடுக்க இயந்திரம் கிடைக்கும். இது இன்ன நூல், இன்ன எழுத்து, இங்கே ஓர் ஏடு குறைகிறது என்று சொல்ல மனிதர் வேண்டும்.

உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. இப்பணிகளில் பல இன்று ஒப்பந்த அடிப்படையில் உள்ளவை. ஒரு திட்டம் முடிந்து மற்றொன்று தொடங்கும்வரை வருமானம் இராது. 2023-ல் உயர்த்தப்பட்டபடி இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். படிப்பு முடிந்து சேரும் ஒப்பந்தப் பணியில் அந்த அளவுகூடக் கிடைக்காமற்போவது உண்டு. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்தவரிடம், ஆர்வம் ஒன்றையே மூலதனமாகக் கொள் என்று அறிவுரை கூற எனக்கு நாவெழவில்லை. அவருக்கு நான் சொல்வது இதுதான்: ஆய்வுத் தலைப்போடு ஒரு கைத்தொழிலும் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு பழைய எழுத்தோ, தாள் பாதுகாப்போ, பட்டியலிடும் முறையோ, எதுவாயினும் சரி. ஒரு திட்டத்துக்கு வரவு செலவு மதிப்பீடு தயாரிக்கவும் பழகுங்கள். கலைத்துறையினர் அனுப்பும் கருத்துருக்களில் முன்னுரை பத்துப் பக்கமும் செலவுக் கணக்கு அரைப் பக்கமுமாக இருப்பதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். நிதிப் பிரிவினர் அந்த அரைப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார்கள்.

இனி அந்தச் சீட்டு. நெசவாளர் பேச்சைப் பதிவு செய்பவருக்குச் சம்பளம் தருவது யார்? 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தை அவர் ஒருமுறை படிக்க வேண்டும். 2003-ல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின் பதிவகம் சென்னையில் இருக்கிறது. டார்ஜிலிங் தேயிலைதான் முதலில் பதிவான பொருள். ஒரு சேலை இந்த ஊருக்கே உரியது என்று நெசவாளர் சங்கம் விண்ணப்பிக்கும்போது, அதன் தோற்றத்துக்கும் வரலாற்றுக்கும் சான்று காட்ட வேண்டும். பழைய சான்று எங்கே கிடைக்கும் என்று சங்கச் செயலாளர் எங்கே போய்த் தேடுவார்? முதியவர்களின் வாய்மொழியும், வணிகர் கணக்கேடும், பழைய மாவட்டக் கையேட்டின் ஒரு பத்தியும் ஒன்றாக ஒருவர் கையில் இருந்தால், அவருக்குக் கூட்டுறவுச் சங்கம் மதிப்பூதியம் தரலாம். கைத்தறித் துறையும் தரலாம். அது நிரந்தரப் பதவி ஆகாது என்பதை நான் அறிவேன். அப்பதவியை உண்டாக்க வேண்டியவர்கள் என் பக்கத்து நாற்காலிகளில் இருப்பவர்கள்.

என் அலுவலக ஆவண அறைக்கு ஆவணவியல் பட்டயம் பெற்ற ஒருவரை நியமிக்க வேண்டும் என்று சென்ற ஆண்டு ஒரு குறிப்பு அனுப்பினேன். 'பணியின் அளவு யாது?' என்ற ஒற்றை வரிக் கேள்வியுடன் அது திரும்பி வந்திருக்கிறது. இப்போது அலமாரிகளை மீட்டர் கணக்கில் அளந்துகொண்டிருக்கிறோம்; இம்மாத இறுதிக்குள் விடை அனுப்பிவிடுவோம்.

அந்தச் சீட்டை எழுதியவர் இங்கே இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்திக்க வேண்டுகிறேன். அவர் எத்தனை பேரைப் பதிவு செய்திருக்கிறார், ஒலிநாடாக்களின் மறுபடி எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.