கூத்தியும் கூத்தாடியும்: 'சமுதாய வீதி' நாவலில் ஒரு சொல்



நா. பார்த்தசாரதியின் 'சமுதாய வீதி' 1971ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல். நாடகக் கம்பெனிகள் நொடித்துப்போன காலத்தில், அவற்றில் வளர்ந்த முத்துக்குமரன் என்னும் கவிஞன் மதுரையிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வருகிறான். உடன் வளர்ந்த கோபால் அங்கே திரைப்பட நடிகனாகிப் பெருஞ்செல்வம் சேர்த்திருக்கிறான். அவனுடைய குழுவுக்காக முத்துக்குமரன் எழுதும் நாடகம் கடல் கடந்து மலேசியாவுக்கும் வருகிறது. ஆகவே, மலாக்காவில் நின்று இந்நாவலைப் பேச நமக்குச் சற்றே கூடுதல் உரிமை உண்டு.

கதைப்பின்னலை இலக்கியத் திறனாய்வாளர்களுக்கு விட்டுவிடுவோம். மொழியியல் பயின்ற நாம் நாவலுக்குள்ளும் சொல்லைத்தான் தேடுவோம், பழக்கதோஷம். முத்துக்குமரன் எழுதிய நாடகத்தின் பெயர் 'கழைக்கூத்தியின் காதல்'. கழை என்பது மூங்கில். கூத்தன் என்பதன் பெண்பால் கூத்தி. இலக்கணத்தில் இரண்டும் ஒரே நிலையில் நிற்பவை. வழக்கிலோ ஆண்பாற்சொல் தில்லைக் கூத்தன் என இறைவனுக்குப் பெயராயிற்று. ஒட்டக்கூத்தர் எனப் புலவருக்கும் பெயராயிற்று. பெண்பாற்சொல் 'வைப்பாட்டி' என்னும் பொருளுக்கு இறங்கி, இன்று வாய்விட்டுச் சொல்லவும் கூசும் வசையாகிவிட்டது. 'நாற்றம்' நறுமணத்திலிருந்து இறங்கியதை வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். அதனால் எவர் மனமும் புண்பட்டதில்லை. 'கூத்தி' இறங்கியபோது மனிதர்களையும் சேர்த்து இறக்கியது.

நாவலில் இதுவே நிகழ்கிறது. மேடையில் கழைக்கூத்தியாகக் கைத்தட்டல் பெறும் நடிகை மாதவி, திரைக்குப் பின்னால், பினாங்கிலிருந்து வந்த செல்வர் ஒருவரை மகிழ்விக்க வேண்டும் எனக் கோபால் எதிர்பார்க்கிறான். சொல்லின் பழைய பொருள் மேடையிலும் புதிய பொருள் மாளிகையிலும் வாழ்கின்றன. மாதவி என்னும் பெயரைச் சிலப்பதிகாரம் பயின்றவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

பத்துப்பாட்டில் மலைபடுகடாத்துக்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர் உண்டு. பரிசில் பெற்ற கூத்தன், பெறாதவனை வள்ளலிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை. சென்னையிலோ பரிசில் பெற்ற கூத்தனே வள்ளலாகி, பழைய தோழனைத் தன்முன் குனியச் சொல்கிறான். முத்துக்குமரன் குனியவில்லை. அவனுடைய தன்மானம் சில இடங்களில் வெறுஞ்செருக்காகவே ஒலிக்கிறது என்பது நம் கருத்து. ஆயினும், அச்செருக்கு இல்லையேல் நாவலே இல்லை.

நாம் வளர்ந்தது ஜாசின் வட்டாரத்துத் தோட்டமொன்றில். மாரியம்மன் திருவிழாவில் 'பவளக்கொடி' நாடகம் நடக்கும். அருச்சுனன் வேடம் கட்டியவர் மறுநாள் விடியலில் எல்லாரையும்போல் பால்வாளியோடு நிரைக்குப் போவார். காதோரம் அரிதாரம் முழுதும் கலைந்திராது. அவருக்குப் பெண் கேட்டுப் போனபோது, "கூத்தாடிக்கா பொண்ணக் குடுப்பாங்க?" என்று லயத்து வாசலிலேயே மறுத்துவிட்டார்கள். முதல்நாள் இரவு முன்வரிசைப் பாயில் அமர்ந்து அவருடைய பாட்டுக்குக் கண்ணீர் விட்டவர்களும் அவர்களே. நாங்கள் சிறுவர்கள்; அவரைக் கண்டால் அதே சொல்லைச் சொல்லிவிட்டு ஓடுவோம். சொற்பொருள் மாற்றத்தை ஆய்வேட்டில் எழுதியபோதுகூட, அச்சொல்லுக்கு எடுத்துக்காட்டாக அவரைக் குறிப்பிட நமக்குத் துணிவு வரவில்லை.

தோட்டத் துண்டாடலுக்குப் பின் அவர் மலாக்கா நகரத்துக்குப் பெயர்ந்தார். பல ஆண்டுகள் கழித்துப் பேருந்து நிலையத்தில் சந்தித்தோம். "ஐயா, இப்பவும் பாடறீங்களா?" என்று கேட்டோம். சிரித்தார். "நீ இப்ப வாத்தியாராமே? நாடகத்துல பாட்டுச் சொல்லிக் குடுக்கிறவரையும் நாங்க வாத்தியார்னுதாம்பா கூப்பிடுவோம்" என்றார். அதற்குள் அவருடைய பேருந்து வந்துவிட்டது.