கடவுச்சொல்லும் பகடையும்



வங்கிக் கணக்கின் கடவுச்சொல் மறந்துபோனால், நாம் இன்னார் என்று மெய்ப்பித்துப் புதியதொன்று பெறலாம். 2009ஆம் ஆண்டில் தோன்றிய பிட்காயின் போன்ற மறையீட்டு நாணயங்களைத் தம் கணினியிலேயே வைத்திருப்போர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. நாணயத்தைச் செலவிடுதற்குரிய மறைச்சாவி ஒரு கோப்பில் உள்ளது. அக்கோப்பே பணப்பை, அதற்குப் பூட்டு, நாம் அமைக்கும் கடவுச்சொல். இந்நாணயத்தை வாங்குமாறு தூண்டுவது என் நோக்கமன்று. வைத்திருப்போர் காக்கும் வகையைக் கூறுவதே இன்றைய பேச்சு.

வங்கியில் சில முறை தவறினால் கணக்கை அடைத்துவிடுவர். பணப்பைக் கோப்பின் படியைத் திருடியவனையோ தடுப்பார் எவருமிலர். அவன் தன் கணினியில் இரவும் பகலும் ஊகித்துப் பார்க்கலாம். பிறந்த நாளும் மக்கள் பெயரும் முதலில் வீழும். செய்யுளடி ஒன்றை வைத்தால் என்ன என்று வினவலாம். திருக்குறளில் உள்ளவை 1330 பாக்கள், அடிகள் 2660. அத்தனையும் சோதிப்பது கணினிக்கு ஒரு பொருட்டன்று. நூல்வரிகளினின்றே மறைச்சாவியை ஆக்கிக்கொள்ளும் வழக்கமும் சிலரிடம் இருந்தது. அத்தகைய சாவிகளை ஊகித்தல் எத்துணை எளிது என்பதை, 2015இல் ரயன் காஸ்டெலூச்சி என்னும் ஆய்வாளர் டெஃப்கான் மாநாட்டில் விளக்கினார்.

நாம் தேர்ந்தெடுக்கும் சொல்லில் நம் சாயல் படிந்துவிடுகிறது. ஆதலின் தேர்வைப் பகடையிடம் விடுதலே நன்று. 1995இல் ஆர்னால்டு ரைன்ஹோல்டு என்பார் வகுத்த 'டைஸ்வேர்' முறை இதுவே. ஒரு பகடையை ஐந்து முறை உருட்டினால் 7776 வகை விளைவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லாகப் பட்டியல் அமைந்துள்ளது. இவ்வாறு ஆறு சொற்களை எடுப்பின், அமையக்கூடிய தொடர்களின் தொகை 24 இலக்கம் கொண்ட எண்ணாகும். பட்டியல் திருடன் கையில் இருந்தாலும் கேடில்லை. ஆனால் வந்த சொல் பிடிக்கவில்லையென்று மாற்றுதல் கூடாது. மாற்றினால் மீண்டும் நம் சாயல் புகும். அத்தொடரை வேறெந்தக் கணக்கிற்கும் பயன்படுத்தலாகாது.

வலிய சொல்லை மறந்தாலும் இழப்பே. ஸ்டீபன் தாமஸ் என்னும் மென்பொருளறிஞர், கடவுச்சொல் எழுதிய தாளைத் தொலைத்தார். 7002 பிட்காயின்களின் சாவிகள் அடங்கிய அவரது கருவி பத்து வாய்ப்புகளே தருவது. எட்டு முடிந்துவிட்டன என்று 2021இல் செய்தி வெளியாயிற்று.

ஆகவே தொடரைத் தாளில் தெளிவாக எழுதி, வெவ்வேறு இரண்டு இடங்களில் பூட்டி வையுங்கள். நிழற்படம் எடுத்தலும் மின்னஞ்சலில் அனுப்புதலும் வேண்டா. பணப்பை அமைக்கும்போது பெரும்பாலும் தரப்படும் 12 அல்லது 24 மீட்புச் சொற்களையும் அவ்வாறே காத்தல் வேண்டும். அவற்றை அறிந்தவனுக்குக் கடவுச்சொல்லே தேவையில்லை. தாள்கள் இருக்குமிடத்தை நம்பத்தக்க ஒருவரேனும் அறிந்திருக்கட்டும். நமக்குப் பின் நம் குடும்பத்தார்க்கு அச்செல்வம் சென்றடைய அதுவே வழி.