கேட்காமல் இருப்பதும் ஓர் உதவிதான்

(உலக எய்ட்ஸ் தினத்தையொட்டி நடந்த நமது சங்கக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆலோசகர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

இந்தத் தலைப்பைச் சொன்னதும் ஒரு நண்பர், "நம்ம ஏற்காட்டில் அதெல்லாம் இருக்கா?" என்று கேட்டார். நான் பல வருடங்கள் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்தவள். யார், எங்கே என்று நான் சொல்லக் கூடாது. ஆனால் இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். அது மலையேறி வராது என்று நினைக்கக் காரணம் எதுவும் இல்லை.

நம் நாட்டில் இந்தத் தொற்று முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே தமிழ்நாட்டில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அன்று இதற்கு மருந்து இல்லை. 2004 ஏப்ரலில் இருந்து அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. இப்போது பெரும்பாலானோருக்குத் தினம் ஒரே மாத்திரை. அதை ஒழுங்காகச் சாப்பிட்டு, பரிசோதனையில் தெரியாத அளவுக்கு வைரஸ் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம்கூட அடுத்தவருக்குப் பரவாது. தொட்டால், ஒரே டம்ளரில் குடித்தால், கொசு கடித்தால் எப்போதுமே பரவியதில்லை.

மருந்து வந்துவிட்டது, ஆனால் 1986-ல் வந்த பயம் இன்னும் போகவில்லை.

பரிசோதனை முடிவைச் சொன்னதும் என்னிடம் பலரும் முதலில் கேட்டது "பிழைப்பேனா?" என்பதல்ல, "யாருக்காவது தெரிஞ்சிடுமா?" என்பதுதான். பிறகு தூக்கம் போய்விடும். யாரும் சொல்லாமலே தனக்கென்று தனித் தட்டு வைத்துக்கொள்வார்கள். பெற்ற குழந்தையைத் தூக்கத் தயங்குவார்கள். கல்யாணம், காதுகுத்துக்குப் போக மாட்டார்கள். ஊர் ஒதுக்கும் முன்பே தங்களைத் தாங்களே ஒதுக்கிக்கொள்வார்கள். இந்த மனச்சோர்வில் மாத்திரையையும் விட்டுவிடுவார்கள்.

எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் ஒரு பெண் மாதாமாதம் மருந்து வாங்க வருவார். பஸ்ஸில் பக்கத்து வீட்டுக்காரர், "என்னக்கா, மாசா மாசம் சேலம் போறீங்க, உடம்புக்கு என்ன?" என்று கேட்டிருக்கிறார். கேட்டவர் மனதில் கெட்ட எண்ணம் இல்லை. இரண்டு முறை ஏதோ சொல்லிச் சமாளித்தவர், மூன்றாம் மாதம் வரவே இல்லை. நான்கு மாதம் கழித்து காசநோயோடு வந்தார். "சொல்றதுக்குச் சாக்கு தீர்ந்துபோச்சு மேடம்" என்றார்.

நகரத்தில் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடலாம். நம் ஊரில் யார் எந்த பஸ்ஸில் போகிறார் என்பதுகூட எல்லோருக்கும் தெரியும். நம்முடைய அக்கறையே ஒருவருக்குப் பயமாகிவிடுகிறது.

பெண்களின் பாடு இன்னும் கஷ்டம். கணவரிடமிருந்து தொற்று வந்திருக்கும். அவர் இறந்தால் பழி மட்டும் மனைவி மேல். நம் பக்கத்து நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யாவுக்குத் திருமணத்தின் மூலம்தான் தொற்று வந்தது. அவர் அதை வெளிப்படையாகச் சொன்னார். 1998-ல் தன்னைப் போன்ற பெண்களோடு சேர்ந்து 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' அமைப்பைத் தொடங்கினார். பெரிய துணிச்சல். ஆனால் எல்லோரும் அப்படி வெளியே வர வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கக் கூடாது. சொல்வதும் சொல்லாததும் அவரவர் உரிமை.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2017-ல் நிறைவேறிய எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி வேலை, பள்ளி, வாடகை வீடு, சிகிச்சை எதிலும் பாகுபாடு காட்டக் கூடாது. வேலைக்குச் சேர்க்க இந்தப் பரிசோதனையை நிபந்தனையாக்கவும் கூடாது. நம்பி ஒருவர் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, யாருடைய உடல்நிலை பற்றியும் நம் வாட்ஸ்அப் குழுவில் பேச வேண்டாம். இரண்டு, வீட்டு வேலை, தோட்ட வேலைக்கு வருபவர்களிடம் "ரத்தப் பரிசோதனை சீட்டு கொண்டு வா" என்று கேட்க வேண்டாம். மூன்று, யாராவது உங்களை நம்பிச் சொன்னால் அறிவுரை சொல்லாதீர்கள். காப்பி கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். சேலம் போகத் துணை வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள்.

அரசு நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம்; ரகசியம் காப்பார்கள். சந்தேகம் இருந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

சேலம் போக இருபது கொண்டை ஊசி வளைவு. பக்கத்து சீட்டில் தெரிந்தவர் இருந்தால், மழையைப் பற்றிப் பேசுங்கள், காப்பி விலையைப் பற்றிப் பேசுங்கள். எதற்குப் போகிறார் என்பது அவரோடு இருக்கட்டும்.