வீட்டுக்கு ஒரு போர்வை



2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியும் சிகாமாட்டும் வெள்ளத்தில் மூழ்கியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஜோகூரில் லட்சம் பேருக்கு மேல் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். 2023 மார்ச்சில் பத்து பகாட், யோங் பெங் பக்கமும் வெள்ளம். நிவாரண மையமான பள்ளி மண்டபத்திலே சிமெண்டுத் தரைதானே படுக்கை! பிள்ளை குளிரில் நடுங்கினால் தாய் என்ன செய்வாள்?

நம் பாட்டிமார் வழி ஒன்று உண்டு. பழைய நூல் சேலைகளைத் துவைத்து, வெயிலில் காயவைத்து, நாலு மடிப்பாக அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டால் போர்வை தயார். அடுக்குக்குள் தங்கும் காற்றே சூடு காக்கும்.

கிழிஞ்சதைத் தள்ளிவிடாதீங்க, உங்க பிள்ளைக்குப் போர்த்துவதாக நினைச்சுத் தைங்க. நாளைக்கு அந்தத் தரையில் நாமும் படுக்க நேரலாம். நவம்பர் மழைக்கு முன்னே, கோத்தோங் ரோயோங்காக உட்கார்ந்து தைப்போம்.