பனி இல்லாத ஊரில் பனிச்சறுக்கு

ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பினும் பெங்களூரில் பனி பெய்வதில்லை. அவ்வாறிருக்க, இங்கு வாழும் நாம் பனிச்சறுக்குப் பயில இயலுமா? பிறந்த மண்ணில் பனி இல்லாமை தடையாகாது என்பதற்குக் குடகைச் சேர்ந்த பனிச்சறுக்கு வீராங்கனை பவானி தெக்கடா நஞ்சுண்டாவே சான்று.

இங்கிலாந்தின் டேவ் ரைடிங், லங்காஷயரிலுள்ள பெண்டிலில், தூரிகைபோன்ற செயற்கை விரிப்பிட்ட உலர்சரிவில் சறுக்கக் கற்றவர். 2022 ஜனவரியில், தமது 35ஆம் வயதில், ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூலில் உலகக் கோப்பைப் பந்தயமொன்றில் முதலிடம் பெற்றார்.

உலர்சரிவில் நாம் பெறத்தக்கது யாது? உடலின் நேர்நிலையே. திரும்புகையில் பாரம் வெளிப்புறப் பலகையின்மேல் அமைய வேண்டும். முழங்கால் மிகையாக உட்புறம் சாய்ந்தால் மூட்டு வருந்தும். வெளிப்புறம் விலகினால் பலகையின் விளிம்பு பிடிக்காது. மென்பனி மறைக்கும் இக்குறைகளைக் கரடான விரிப்பு உடனே காட்டிவிடும்.

சரிவு கிட்டாதோர் இல்லத்திலேயே தொடங்கலாம். கண்ணாடிமுன் ஒற்றைக்காலில் நின்று முழங்காலைச் சற்றே மடக்குவோம். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் நேர்கோட்டில் நிற்கின்றனவா? நில்லாவிடின், குல்மார்க் செல்லுமுன் இங்கேயே திருத்திக்கொள்வோம். பிழையோடு பலகாற் பழகின், பிழையே பழக்கமாகிவிடும்.