நாள் கணக்கு மட்டும் போதாது! நிலைத்து நிற்கும் வேலை வேண்டும்!

(கொல்லிமலை செம்மேட்டில், கிராமசபைக்கு முன்பாகக் கூடிய உழைப்பாளி மக்கள் மத்தியில் ஆற்றிய உரை)

தோழர்களே, தாய்மார்களே!

கிராமசபை கூடப்போகிறது. "எங்களுக்கு வேலை எப்போது?" என்று கேட்கப்போகிறோம். நியாயமான கேள்வி, அதை விட்டுவிடக்கூடாது. அத்துடன் இன்னொரு கேள்வியையும் நாம் கொண்டுபோக வேண்டும்: "என்ன வேலை? அது முடிந்தபின் நம் ஊரில் மிஞ்சி நிற்பது எது?"

2005-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டம், ஆண்டுக்கு 100 நாள் வேலை கேட்டுப் பெறும் உரிமையைக் கிராமக் குடும்பங்களுக்குத் தந்தது. எந்த வேலையை முதலில் எடுப்பது என்று சிபாரிசு செய்யும் அதிகாரம் கிராமசபைக்கு இருந்தது. ஆதிவாசி மக்களின் சொந்த நிலத்தைச் சீர்திருத்தவும் அதில் இடமிருந்தது.

நடைமுறையில் பல இடங்களில் என்ன கண்டோம்? மேலிருந்து வந்த பட்டியலைக் கண்டோம். எத்தனை மனிதநாள் முடிந்தது என்ற கணக்கைக் கண்டோம். 2023 ஜனவரி முதல், கைபேசிச் செயலியில் நாளுக்கு இருமுறை படம் பிடித்து வருகை பதிவது கட்டாயமாயிற்று. மண்வெட்டியுடன் நிற்கும் பெண் படத்தில் விழுந்தாளா என்று அது பார்த்தது. அவள் வெட்டிய குழியில் தண்ணீர் நின்றதா என்று யார் பார்த்தார்கள்?

2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் வேறொரு சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதில் 125 நாள் என்று எழுதியிருக்கிறார்கள். எண் 100 ஆனாலும் 125 ஆனாலும் நம் கேள்வி மாறாது.

சரிவு சொல்லும் பாடம்

நம் மலையில் மழை பெய்கிறது. ஆனால் சரிவில் விழுந்த நீர் நிற்பதில்லை. மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடுகிறது. சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் பெரும்பகுதி, ஜவ்வரிசி ஆலைகளுக்கான குச்சிக்கிழங்குக்குப் போய்விட்டது. காசு தேவைப்படும் குடியானவனை நாம் குறை கூறவில்லை. ஆனால் கிழங்கைப் பிடுங்கியதும் மண் இளகுகிறது. அடுத்த மழைக்குக் கீழே இறங்குகிறது.

எனவே இங்கே வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மேற்சரிவில் கல்வரப்பு. பிறகு நடுச்சரிவில் மரக்கன்று. கடைசியில் ஓடையில் தடுப்பணை. மேலே கைவைக்காமல் கீழே அணை கட்டினால், சில மழைக்காலத்திலேயே அது மண்ணால் தூர்ந்துவிடும். கணக்கில் வேலை முடிந்திருக்கும். நம் உழைப்பு மண்ணுக்குள் புதைந்திருக்கும்.

ஓர் ஊரில் 40 குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு 100 நாள் என்றால் ஆண்டுக்கு 4,000 மனிதநாள். ஐந்தாண்டில் 20,000. இது சாமான்யமான செல்வமா? திட்டமிட்டால் ஒரு முழுச் சரிவையே காப்பாற்றலாம். திட்டமில்லாவிட்டால், ஆண்டுதோறும் அதே பாதையோரப் புல்லைச் செதுக்கிக்கொண்டிருப்போம்.

வேகம் மட்டுமே வேலையா?

1935 ஆகஸ்டில் சோவியத் சுரங்கத் தொழிலாளி ஸ்டாகனோவ் ஒரே முறையில் 102 டன் நிலக்கரி வெட்டியதாக உலகமே பேசியது. அவருக்குப் பின்னால் முட்டு கொடுத்துக்கொண்டே வந்த இருவரைப் பலர் மறந்துவிட்டார்கள். வெட்டுபவர் வெட்ட, முட்டு கொடுப்பவர் முட்டு கொடுக்க என்று வேலையைப் பிரித்து அமைத்ததே அதன் சூட்சுமம். அதை மறந்து எண்ணிக்கையை மட்டும் துரத்திய இடங்களில் யந்திரங்கள் பழுதாயின, வேலை சீர்குலைந்தது.

இங்கேயே ஓர் உதாரணம் உண்டு. சாமையை உரலிலிட்டுக் குத்தி நம் பெண்களின் தோள் ஓய்ந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் சிறுதானியப் பணியில் இறங்கியபோது, உமி நீக்கும் சிறு யந்திரங்களை ஊர்க் குழுக்களிடம் தந்தது. "இன்னும் வேகமாகக் குத்துங்கள்" என்று சொல்லவில்லை. உலக்கையின் பாரத்தையே இறக்கி வைக்க வழி தேடியது. திட்டம் என்பது இதுதான்!

"வயிறு காயும்போது எந்த வேலையானால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். கூலியைத் தள்ளிப்போட்டுத் திட்டம் தீட்ட நாம் சொல்லவில்லை. வேலையும் கூலியும் உரிய காலத்தில் வந்தே தீரவேண்டும். புல் செதுக்கினாலும் நாள் கூலி போய்விடும். வரப்பு வைத்தால் கூலியும் கிடைக்கும், நிலமும் நிற்கும்.

நமது கோரிக்கைகள்

1. ஊர் ஊராகச் சரிவை நடந்து பார்த்து, ஐந்தாண்டு வேலைப் பட்டியலை மக்களே தயாரிக்க வேண்டும். ஊற்று எங்கே வற்றியது என்பதைத் தண்ணீர் சுமக்கும் பெண்களிடம் கேட்க வேண்டும்.

2. கடினமான பாறை மண்ணுக்கு ஏற்ற கூலி அளவு வேண்டும். முதியோருக்கும் உடல் நலிந்தோருக்கும் நாற்றங்கால் போன்ற இலகுவான வேலை வேண்டும்.

3. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும், முந்தைய ஆண்டு வேலையில் எது நின்றது, எது கரைந்தது என்று கிராமசபையில் கணக்குக் கேட்க வேண்டும்.

தோழர்களே! ஓயாமல் உழைப்பது வேறு; உருப்படியாக உழைப்பது வேறு. நம் வியர்வைக்கு நாமே திட்டம் வகுப்போம். பட்டியலைக் கையில் ஏந்தி கிராமசபைக்குத் திரண்டு வாருங்கள்!