சட்டத்துக்குள் சில்லுகள்



சில்லு என்றவுடன் மட்டக்களப்பில் பிறந்தவர்களுக்கு வண்டிச் சில்லும் சைக்கிள் சில்லுந்தான் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டாருக்கோ ஓட்டுச் சில்லும் தேங்காய்ச் சில்லும் நினைவுக்கு வரும். கணினிக்குள் இருக்கும் சிலிக்கன் துண்டுக்கு அவர்கள் சில்லு என்று பெயரிட்டார்கள். வாவியைக் கடந்து இங்கே வந்ததும் அந்தச் சொல் உருளத் தொடங்கிவிடுகிறது!

வேலை ஓய்ந்த பழைய கணினிச் சில்லுகளைக் கண்ணாடிச் சட்டத்திலிட்டுச் சுவரில் மாட்டி வைப்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். இலக்கிய நிகழ்ச்சியில் இதற்கென்ன இடம் என்று நீங்கள் கேட்கலாம். இது முடிவில் சொற்களைப் பற்றிய பேச்சுத்தான். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

என்னிடம் பதினெட்டுச் சில்லுகள் இருக்கின்றன. கணினி திருத்துவோரிடமிருந்தும் பழைய இரும்புக் கடைகளிலிருந்தும் பல ஆண்டுகளாகச் சேர்த்தவை. பீங்கான் உடலும் பொன் முலாம் பூசிய மூடியும் கொண்ட பழைய சில்லுகளைப் பொன்னுக்காகவே உடைத்துவிடுகிறார்கள். ஆகையால், எஞ்சுபவை ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றன.

அவற்றைச் சட்டத்தில் வைப்பதற்கும் ஒரு முறை உண்டு. பசை பூசி ஒட்டக்கூடாது. ஒட்டினால் பின்புறத்து எழுத்துகளைப் பிறகு படிக்க முடியாது. பழைய கறுப்புப் பஞ்சு மெத்தையில் குத்தியும் வைக்கக்கூடாது. அது காலப்போக்கில் உதிர்ந்து, சில்லின் கால்களை அரித்துவிடும். நான் தடித்த அட்டையில் நுண்ணிய துளைகளிட்டு, நமது மீனவர்கள் வலைக்குப் பயன்படுத்தும் தங்கூசி நூலினால் ஒவ்வொன்றையும் கட்டியிருக்கிறேன். வாவிக் காற்றில் உப்பு உண்டு, மாரியில் ஈரமும் உண்டு. அதற்காகச் சட்டத்தின் பின்புறத்தில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிப் பொதி ஒன்றையும் வைத்திருக்கிறேன்.

சரி, இவ்வளவு பாடுபட்டு மாட்டிய பின் பார்ப்பவர் காண்பது என்ன? இருபுறமும் கால்கள் நீட்டிய கறுப்புப் பூச்சிகளின் வரிசை! பானையைப் பார்த்தால் சோறு சமைத்தது தெரியும். கலப்பையைப் பார்த்தால் வயலை உழுதது தெரியும். சில்லு மட்டும் தான் செய்த தொழிலை முகத்தில் காட்டுவதில்லை.

1971ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்ற சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். பிசிகொம் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கணக்குப் பொறிக்காக ஆக்கப்பட்டது அது. ஏறக்குறைய 2,300 டிரான்சிஸ்டர்கள் விரல் நகத்திலும் சிறிய துண்டொன்றில் அடங்கின. அதனை வடிவமைத்தவர்களுள் ஒருவரான ஃபெடரிக்கோ ஃபாஜின், தம் பெயரின் முதலெழுத்துகளை அந்தத் துண்டின் ஓரத்திலேயே பொறித்துவிட்டார். ஏட்டின் இறுதியில் எழுதியவன் தன் பெயரைச் சேர்ப்பது போன்ற செயல்தான். மூடியைத் திறந்து உருப்பெருக்கியினால் பார்த்தாலன்றி அந்தக் கையொப்பம் கண்ணில் படாது.

என் சட்டத்தின் நடுவில் இருப்பது, அதே ஃபாஜின் தொடங்கிய சைலொக் நிறுவனம் 1976இல் வெளியிட்ட இசெட் 80. நாற்பது கால்கள் கொண்டது. கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் பயன்படுத்திய கேய்ப்ரோ கணினியின் மூளையும் இவ்வகைச் சில்லுதான். 1983இல் அவர் அதைத் தொலைபேசி வழியே இணைத்து, அமெரிக்காவிலிருந்த இயக்குநர் பீட்டர் ஹயம்சுடன் ‘2010’ என்ற திரைப்படத்தைப் பற்றிக் கடிதங்கள் பரிமாறிக்கொண்டார். அக்கடிதங்கள் 1985இல் நூலாகவும் வந்தன. இந்தச் செய்தியைச் சொன்ன பிறகு பாருங்கள், எவரும் அந்தக் கறுப்புத் துண்டின் முன் சற்றுக் கூடுதலாக நின்று பார்ப்பார்கள். சில்லு மாறவில்லை. அதனருகே ஒரு சொல் வந்து நின்றது, அவ்வளவுதான்.

இனி, என் சேகரத்தில் நான் பெரிதும் மதிப்பது ஒன்றுண்டு. ஈப்ரொம் எனப்படும் நினைவகச் சில்லு அது. இவ்வகையை 1971இல் இன்டெல் நிறுவனத்தில் உருவாக்கியவர் டோவ் ஃப்ரோமன். முதலாவதாக வந்த 1702 என்ற சில்லில் 256 இடங்களே இருந்தன. நமது நெடுங்கணக்கின் 247 எழுத்துகளுக்கும் இடத்துக்கொன்றாக எண் கொடுத்து வைத்தால் ஒன்பது இடங்கள்தான் மிஞ்சும்!

இச்சில்லின் முதுகில் குவாட்ஸ் கண்ணாடியாலான ஒரு சிறு சாளரம் உண்டு. உள்ளிருக்கும் சிலிக்கனைக் கண்ணால் காணக்கூடிய சில்லு இது. வெளிச்சம் படும்போது வானவில்லின் நிறங்கள் காட்டும். ஆனால், அச்சாளரம் வைக்கப்பட்டது அழகுக்காக அல்ல. கழியூதாக் கதிரைப் பாய்ச்சி நினைவை அழிப்பதற்காகவே வைக்கப்பட்டது. நேர் வெயில் ஏறக்குறைய ஒரு வாரம் பட்டாலும், குழல் விளக்கின் ஒளி மூன்றாண்டளவு பட்டாலும் எழுதியது அழியக்கூடும் என்று பிற்காலத்து ஈப்ரொம்களின் கையேடுகள் எச்சரிக்கின்றன. ஆதலால்தான் சாளரத்தின் மேல் ஒரு தாளை ஒட்டி, உள்ளே இருப்பது இன்னதென்று அதில் எழுதி வைப்பார்கள்.

என்னிடமுள்ளது ஓர் அச்சகத்திலிருந்து வந்தது. அதன் தாளில் ‘தமிழ் 2’ என்று பேனாவால் எழுதியிருக்கிறது. தமிழ் எழுத்துகளின் வடிவங்களைப் புள்ளி புள்ளியாக அதில் பதித்திருந்ததாகத் தந்தவர் சொன்னார். சட்டத்தைப் பார்க்க வந்த இளைஞர் ஒருவர், “சேர், அந்தத் தாள உரிச்சா வடிவா இரிக்குமே” என்றார்.

“இல்ல மனே, அந்தத் தாள்தான் அதுக்குக் காவல்” என்றேன்.

எழுவான்கரையிலே கிழக்குப் பார்த்த வீடு எனது. காலை வெயில் சுவரில் விழும். அழகைக் காட்டுவதற்காகத் தாளை உரித்தால், எவரோ இரவுபகலாக இருந்து ஆக்கிய தமிழ் எழுத்துகள் ஓசையின்றிப் போய்விடும். சட்டத்துள் சில்லு அப்படியே இருக்கும். பார்ப்பவர் எவருக்கும் எதுவும் இழந்ததாகத் தோன்றாது.

நேயர்களே, நமக்குப் பழக்கமான இழப்பு இதுவல்லவா? 1978 நவம்பர்ச் சூறாவளியிலும், 2004 டிசம்பர் ஆழிப்பேரலையிலும், நீண்ட போரிலும் எத்தனை ஏடுகளும் படங்களும் போயின. தப்பிய பொருள்களுள் எத்தனை, யாருடையவை, எதற்கானவை என்று சொல்ல ஆளின்றி வீடுகளில் கிடக்கின்றன.

காரைதீவு தந்த விபுலானந்த அடிகளை இங்கே நினைக்க வேண்டும். பழந்தமிழர் மீட்டிய யாழ் ஒன்றுகூட நமக்கு எஞ்சவில்லை. ஆனால், அதைப் பற்றிய சொற்கள் சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் எஞ்சியிருந்தன. அச்சொற்களையும் கணிதத்தையும் துணைகொண்டே அடிகள் யாழ் நூலை ஆக்கி, 1947இல் அரங்கேற்றினார். பொருள் போய்ச் சொல் நின்றால் பொருளை மீட்க வழியுண்டு. சொல் போய்ப் பொருள் மட்டும் நின்றாலோ, அது கறுப்புப் பூச்சிதான்.

ஆகவே, சில்லோ, வானொலிப் பெட்டியோ, பாட்டியின் பாக்குவெட்டியோ, எதைச் சட்டத்திலிட்டாலும் பக்கத்தில் நான்கு வரி எழுதி வையுங்கள். அதன் பெயர் என்ன, எந்த ஆண்டுக்குரியது, எங்கே வேலை செய்தது, யார் கை தந்தது என்பனவே அந்த நான்கு வரிகள். தந்தவர் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். சட்டத்தையும் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.